கறுப்புக்கு எழுதிய இசை

கடலில் எண்ணெய்க் கப்பல் உடைந்து வருடம் ஒன்றாகியும் அவள் கடல் பக்கத்து ஜன்னலைத் திறக்கவில்லை. நாற்றம் தாங்காமல் தன் அண்ணன் வீட்டுக்குப் போன கணவர், நாற்றம் அடங்கிய பிறகும் திரும்பவில்லை. அவளும் வாருங்கள் என்று கூப்பிடவில்லை. ஊதுகருவிக் குழு ஒன்றுக்கு இசை எழுதுவது அவள் வேலை. வாய்விட்டுப் பேச ஆளில்லாத வீட்டில் பியானோ மட்டும் அவ்வப்போது பதில் சொன்னது.

அவள் தம்பி ஓவியன். எண்ணெயில் ஊறிய பறவைகளைக் கழுவிக் காப்பாற்றப் போனவன், பாதிக்கு மேல் தன் கையிலேயே சாவதைப் பார்த்துவிட்டு வேற்றூருக்கே போய்விட்டான். போகுமுன் அக்காவுக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தான். சுவரளவு கறுப்பு. அதில் பறவையும் இல்லை, கடலும் இல்லை. கீழ் ஓரத்தில் நகத்தால் கீறியதுபோல் ஒரு மஞ்சள் கோடு, அவ்வளவுதான்.

அதன் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துதான் அவள் எழுதினாள். கறுப்புக்குக் கனத்த குரல் கொண்ட டியூபாவும் டிராம்போனும். மஞ்சள் கோட்டுக்கு மெல்லிய குரல் கொண்ட ஓபோ குழல். அந்த ஓபோ மெட்டு தானாக வந்து விழுந்தது. இத்தனை காலத்தில் தனக்கு இப்படி ஒன்று வாய்த்ததில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

ஒத்திகையில் முதல் பக்கத்தைப் பார்த்த டியூபாக்காரர் தலையைச் சொறிந்தார்.

"என்ன மேடம், இங்க சுரத்தையே காணோம்?"

"சுரம் கெடையாது சார். கருவிக்குள்ள மூச்சு மட்டும் விடுங்க."

"வெறும் காத்துதானா? அதுக்குப் பஞ்சர் கடைக்காரரையே கூப்பிட்டிருக்கலாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். சேர்ந்து ஊதியபோது சிரிப்பு அடங்கிவிட்டது. ஏதோ பெரிய உயிர் மூச்சுக்குத் திணறுவதுபோல் அறையே இரைந்தது. அதன்மேல் ஓபோ எழுந்தது. அதை வாசித்து முடித்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒத்திகையின் பதிவை அவள் தம்பிக்கு அனுப்பினாள். மறுநாள் அவனே போன் செய்தான்.

"காத்து வர்ற எடம் அந்தப் பறவைங்க மூச்சு மாதிரியே இருக்குக்கா. கேக்க முடியல."

"ஓபோ?"

"ரொம்ப அழகா இருக்கு. அந்தக் கரையில அழகா எதுவுமே இல்லக்கா."

"அப்ப அந்த மஞ்சக் கோடு?"

"அது பறவைங்களக் கழுவ நாங்க போட்டிருந்த கையுறையோட நெறம். நீ நம்பிக்கைன்னு நெனச்சுட்டியா?"

இரண்டு நாள் மனசோடு மல்லுக்கட்டிவிட்டு அவள் ஓபோ மெட்டை வெட்டி எறிந்தாள். அதனிடத்தில் ஒரே ஒரு சுரம், மூச்சு முட்டும்வரை.

"நான் சரியா வாசிக்கலையா மேடம்?" என்றாள் ஓபோக்காரி.

"உன்மேல குத்தமே இல்லம்மா."

"அப்புறம் ஏன்?"

அவள் பென்சிலை எடுத்து அந்த ஒற்றைச் சுரத்தின் கீழ் ஒரு கோடு போட்டாள். அந்தப் பெண் தாளைப் புரட்டுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கச்சேரியில் அந்த ஒற்றைச் சுரம் நடுங்கி உடைந்து நின்றபோது யாரும் கைதட்டவில்லை. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டினார்கள். ஒரு வயதானவர் தலை கவிழ்ந்தபடி எழுந்து போனார். வாசித்தவர்கள் கும்பலாகச் சாப்பிடக் கிளம்பினார்கள். ஓபோக்காரி தாண்டிப் போகையில் தலையை மட்டும் அசைத்தாள். தம்பிக்காக முன்வரிசையில் பிடித்து வைத்த இருக்கை கடைசிவரை காலியாகவே கிடந்தது.

மேடை விளிம்பில் உட்கார்ந்து அவனுக்குப் போன் போட்டாள்.

"முடிஞ்சுதுடா."

"வரணும்னுதான் கெளம்பினேன்க்கா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

"பரவால்லடா."

"சாப்ட்டியா?"

"இனிமேதான்."

இருவரும் உடனே போனை வைக்கவில்லை.