முயல்பாறையின் மூன்றாம் மாடி

கரையிலிருந்து பதினொரு கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கும் முயல்பாறையில் புதிதாக எழும்பிய கலங்கரை விளக்கத்துக்கு அலைக் கணக்குப் போட்டவள் கீதாஞ்சலி. சென்னை நிறுவனம் ஒன்றின் பொறியாளர். திருவண்ணாமலை வேங்கிக்காலில் தன் வீட்டு மாடி அறையிலிருந்தே வேலை பார்த்தாள்.

கோபுரம் கட்டி முடித்து, விளக்குக்கு ஒயரிங் மட்டும் பாக்கி. கீழ்பென்னாத்தூர் எலக்ட்ரீஷியன் அன்பரசனை அதற்குச் சிபாரிசு செய்தவளும் அவள்தான். அவனும் சகாதேவன் என்ற ஃபிட்டரும் நவம்பர் கடைசியில் பாறைக்குப் போனார்கள். வடக்கே போகும் என்று சொல்லப்பட்ட புயல் திசை மாறியது. அவர்களை அழைத்துவர வேண்டிய படகு துறைமுகத்தை விட்டே கிளம்ப முடியவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அன்பரசனின் மனைவி கவிநிலா பஸ் பிடித்து, நனைந்தபடி கீதாஞ்சலி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அவருக்கு போன் போவல. உங்க கம்ப்யூட்டர்ல லைன் இருக்குதாமே?"

"இருக்குது. சாட்டிலைட் லைன். உக்காரு."

திரையில் 2.4 என்ற எண் ஓடிக்கொண்டிருந்தது. அது என்னவென்று கவிநிலா கேட்டாள்.

"அலை மோதினா கோபுரம் ஒரு செகண்டுக்கு எத்தன தடவ அதிருதுன்னு காட்டுது. 2.4ன்னா அடி கெட்டியா இருக்குது. கொறஞ்சா எங்கயோ பிடி தளருதுன்னு அர்த்தம்."

பத்தரை மணிக்கு எண் 2.2 ஆனது. கூடவே அன்பரசனின் அழைப்பு வந்தது. அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ இடிந்து விழுவதுபோல் ஒரே சத்தம்.

"அக்கா, மூணாவது மாடியில ரொம்ப உதறுதுக்கா. நாங்க கீழ எறங்கிடறோம். கதவுகிட்ட இருந்தா ஏதாவது ஆச்சுன்னா வெளிய ஓடிடலாம்."

"எங்க ஓடுவ? வெளிய கடல்தான் இருக்குது. மேல போனா கண்ணாடி, கீழ போனா கதவு. ரெண்டும் அடி வாங்கற எடம். மூணாவது மாடியிலயே இருங்க. படிக்கட்டு மேல இருக்கிற இரும்பு மூடிய இழுத்துப் பூட்டிட்டீங்களா?"

"சகாதேவண்ணன் சாப்பாட்டுப் பையை எடுக்கப் போயிருக்காரு."

"பை கெடக்குது. அவர மேல இழு, மொதல்ல!"

மூடி அறையப்படும் சத்தம் கேட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. வெடி வைத்ததுபோல் ஒன்று அதிர்ந்தது.

"கதவு போச்சுக்கா," என்றான் அன்பரசன். "கீழ பூரா தண்ணி." அத்தோடு குரல் நின்றுவிட்டது. எண் மட்டும் வந்துகொண்டிருந்தது: 2.0.

"விழுந்துடுமா?" என்றாள் கவிநிலா.

கீதாஞ்சலி பழைய கணக்கைத் திறந்தாள். பாறைக்குள் துளையிட்டு இறக்கி, கோபுரத்தின் அடியை இறுக்கிப் பிடித்திருந்தவை இருபத்துநான்கு எஃகுக் கம்பிகள். அலையின் உயரத்தைக் கூட்டி மறுபடி போட்டுப் பார்த்தாள். எட்டுக் கம்பி தளர்ந்தாலும் கோபுரம் நிற்கும் என்று வந்தது. 2.0 என்றால் ஐந்தோ ஆறோ தளர்ந்திருக்கும்.

"கணக்குப்படி நிக்கும், கவி."

"அதே கணக்குதானக்கா அந்தக் கதவயும் வெச்சுது?"

கீதாஞ்சலியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடம் எண் அசையவில்லை. பிறகு லைன் கிடைத்தது.

"இருக்கோம். அண்ணனுக்கு முட்டியில அடி. மத்தபடி ஒண்ணுமில்ல," என்றான் அன்பரசன்.

கவிநிலா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் படகு போய் இருவரையும் அழைத்துவந்தது. பிறகு பாறைக்குப் போய்ச் சோதித்தவர்கள், கடலைப் பார்த்த பக்கம் ஆறு கம்பிகள் தளர்ந்திருந்ததைக் கண்டார்கள். பாறைக்கு முன்னால் கடலடி திடீரென மேடேறுகிறது. அந்த மேட்டில் ஏறிய அலை இன்னும் உயர்ந்து, நேராகக் கோபுரத்தின்மேல் உடைந்திருக்கிறது. கீதாஞ்சலியோ தன் கணக்கில் அந்த மேட்டை மெல்ல ஏறும் சரிவாக எடுத்துக்கொண்டு அலையைக் குறைத்துப் போட்டிருந்தாள்.

அவளுடைய மேலதிகாரி இராமலிங்கம் போன் செய்தார். "ரிப்போர்ட்ல 'எதிர்பாராத புயல்'னு போட்டா போதும்மா. உன் பேரு எதுக்கு?"

"புயல் எதிர்பாராததுதான் சார். அலைய கம்மியா எடுத்தது நான். அப்படியே எழுதிட்டேன்."

"சரி, அனுப்பு," என்றார் அவர்.

ஆறு மாதத்துக்கு நிறுவனம் அவளுக்குப் புதிய திட்டம் எதுவும் தரவில்லை. ஆனால் கோபுரத்துக்கு அவள் கேட்ட பன்னிரண்டு கூடுதல் கம்பிகளைக் கொடுத்தார்கள். கதவு, அலை நேராக மோதாத பக்கத்துக்கு மாறியது.

மிச்ச ஒயரிங்குக்கு அன்பரசனையே மறுபடி கூப்பிட்டார்கள். கவிநிலா கீதாஞ்சலியிடம் வந்தாள்.

"அவரு போறேங்கறாரு. நீங்க மொதல்ல போய் உங்க கண்ணால பாத்துட்டு வாங்க. கம்ப்யூட்டர்ல பாத்தது போதும்."

பிப்ரவரியில் கீதாஞ்சலி பாறைக்குப் போனாள். வழி முழுக்க வாந்தி எடுத்தாள். பழைய கதவின் சட்டம் காகிதம்போல் மடிந்து கிடந்தது. இரண்டு நாள் தங்கி, முப்பத்தாறு கம்பிகளின் இறுக்கத்தையும் ஒவ்வொன்றாக அளந்தாள். இரண்டை மறுபடி முறுக்கச் சொன்னாள். கரைக்கு வந்ததும் கவிநிலாவுக்குப் போன் செய்தாள்.

"இப்ப அனுப்பலாம்."

"சரிக்கா," என்றாள் கவிநிலா. ஏப்ரலில் விளக்கு எரிந்தது.