நியூட்ரலில் நின்ற ஜீப்

பிரான்காச்சோவில், இத்தாலிய மெக்கானிக் சல்வோவின் கராஜுக்குப் பின்னால் ஜீப் கிடந்தது. கூரை இருக்கைகளோடு ஒட்டியிருந்தது.

புனிதமலர் அதை ஒருமுறை சுற்றி நடந்தாள். பகேரியா ஊருக்கு மேலே மலையில் உள்ள எலுமிச்சைத் தோட்டத்திலிருந்து இறங்கும்போது, பத்து நாட்களுக்கு முன், அவளுடைய கணவன் பெனடிக்ற் இதற்குள் இறந்தான். அவளுக்கு இத்தாலியன் போதாது. சூசைதாசனைக் கூட்டி வந்திருந்தாள். அவனும் பெனடிக்ற்றும் யாழ்ப்பாணத்தில் ஒரே வான் வண்டியை மாறி மாறி ஓட்டியவர்கள்.

"என்ன பிழை எண்டு கேளுங்கோ, அண்ணை."

சூசைதாசன் கேட்டான். சல்வோ கையைத் துடைத்துவிட்டு உள்ளே காட்டினான். பெரிய தடி கியருக்கு. பக்கத்தில் உள்ள சின்னத் தடி மலைக்கு. இறக்கத்தில் சின்னதை லோவில் போட்டுப் பெரியதை முதல் கியரில் விட்டால், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். மனிதன் நடக்கிற வேகம்தான். பிரேக்கில் கால் வைக்கத் தேவையில்லை. இந்த ஜீப்பில் பெரிய தடி எந்தக் கியரிலும் இல்லாமல் நியூட்ரலில் நின்றது. சின்னதைத் தொடவேயில்லை. நான்கு கிலோமீற்றர் வெறும் பிரேக்கில் இறங்கியிருக்கிறான். பிரேக் கருகிவிட்டது.

சல்வோ இன்னும் ஒன்று சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினான்.

சூசைதாசன் எல்லாவற்றையும் தமிழில் சொன்னான். கடைசி வசனத்தை விட்டுவிட்டான்.

"முடிவிலை வேறை ஏதோ சொன்னவர்."

"அவன் விசரன். விடு."

"சொல்லுங்கோ."

"சாக நினைக்கிறவன்தான் இப்பிடி இறக்குவானாம்."

அவள் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"கோயிலடியிலையும் அப்பிடித்தான் கதைக்கினம். அண்டைக்குக் காலமை அவரோடை சண்டை. போனா திரும்பி வரவேண்டாம் எண்டனான். ஆருக்கும் சொல்லேல்லை." அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்கு அவரைத் தெரியும். என்னாலையோ, அண்ணை?"

இல்லை என்று மட்டும் சொன்னால் அவள் நம்பமாட்டாள்; நடந்ததைச் சொல்லவேண்டும்.

"உன்னாலை இல்லைப் பிள்ளை. என்னாலை."

சொன்னான். தொண்ணூற்றொன்றில், போர்க்காலத் தடையால், யாழ்ப்பாணத்துக்கு டீசல் வரவில்லை. கிடைத்ததைப் போத்தலில் வாங்கி ஓட்டினார்கள். வேகம் எடுத்து, நியூட்ரலில் போட்டு, டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை உருள விடுவது சூசைதாசன் கண்டுபிடித்தது. பெனடிக்ற்றுக்கு அவன்தான் காட்டினான். அங்கே எல்லாம் தட்டை நிலம். அப்போது இரண்டு பேரும் மலையில் வண்டி ஓட்டியதில்லை.

"போன மாசம் நானும் அந்த ஜீப்பிலை இருந்தனான். அதே இறக்கம். நியூட்ரலிலை விட்டான். 'பார் மச்சான், முதலாளி சிஞ்ஞோராவின்ரை டீசலை மிச்சம் பிடிக்கிறன், அவ எனக்குச் சிலை வைக்கோணும்' எண்டான். 'உன்ரை மூக்கைச் சின்னனாய் வைக்கச் சொல்லு' எண்டு நானும் சிரிச்சனான். அண்டைக்கு வண்டி வெறும். இந்த முறை பின் பெட்டி நிரம்ப எலுமிச்சை, பாரம் கூட."



சல்வோ இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றான். சூசைதாசன் அதையே அவனுக்கும் இத்தாலியனில் சொன்னான். சல்வோ சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினான். மெதுவாக ஏதோ விளங்கப்படுத்தினான்.

"இப்ப என்னவாம்?"

"கியரிலை இறங்கினா டீசல் எரியாதாம். பம்ப் தானாய் அடைச்சுப்போடுமாம். நியூட்ரலிலைதான் எஞ்சின் குடிக்குமாம்."

"அப்ப அவர் மிச்சம் பிடிக்கவும் இல்லையோ?"

"இல்லை."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவன் கிட்டப் போகவில்லை. சல்வோ ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தான். அவள் உட்காரவில்லை. பிறகு முகத்தைத் துடைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை பூசை முடிஞ்சோடனை இதைச் சொல்லுவியளோ? எல்லாருக்கும் முன்னாலை?"

"ஓம்."

"நீங்கள் சிரிச்சதையும்."

"ஓம்."

அவள் முன்னால் நடந்தாள். பஸ் வந்ததும் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தாள். சூசைதாசன் ஏறி, பின் கதவடியில் நின்றுகொண்டான்.