வலிக்காத இடம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, ஒட்டுக்கேட்டது. சர்க்கரை நோய் மருத்துவமனையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. பக்கத்திலிருந்த திரைச்சீலைக்கு அப்பால் ஒரு நர்ஸ், ஒரு தம்பி, அவனுடைய அக்கா.

"என்னங்க இது, தொப்புள் பக்கத்துல இப்படிக் கட்டி தட்டிப் போயிருக்கு? எப்பவும் இதே இடத்துலதான் ஊசி போடுவீங்களா?"

"அக்காதான் போட்டுவிடுவா. அங்கதான் வலிக்காது."

"சின்ன வயசுலருந்தே இவனுக்கு ஊசின்னா பயங்க," என்றாள் அக்கா. திரை மறைத்ததால் அவள் முகம் தெரியவில்லை. குரலில் இருந்த பெருமை நன்றாகவே தெரிந்தது.

"வலிக்காம இருக்கறதுதான் வம்பே. அங்க கொழுப்பு கட்டிப்போச்சு. போடற மருந்துல பாதி அங்கயே நின்னுடும். நாளையிலருந்து இடத்த மாத்துங்க."

அதற்குள் யாரோ நர்ஸை அழைத்தார்கள். மூவரும் பின்பக்கக் கதவு வழியாகப் பேசிக்கொண்டே போய்விட்டார்கள். நான் கேட்டது அவ்வளவுதான்.

2

முதலில் இதைக் கட்டுரையாக எழுதப் பார்த்தேன். இப்படி:

'உடம்பு தானே சுரக்கும் இன்சுலின் கணையத்திலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் தன் பங்கை, ஏறக்குறைய பாதியை, எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் மற்ற உறுப்புகளுக்கு விடுகிறது. ஊசியில் போடும் இன்சுலினோ தோலுக்கடியில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் கல்லீரலை எட்டுகிறது. வீட்டுக்காரர் பசியோடு காத்திருக்க, விருந்தாளிகள் மூக்குமுட்டத் தின்றுவிட்டுப் போன கதை. சாப்பாடு வந்த சேதி கல்லீரலுக்குச் சரியாகப் போய்ச் சேராததால், அது பாட்டுக்குச் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே எவ்வளவு போடுகிறோம் என்பதைப் போலவே எந்த வழியாகப் போகிறது என்பதும்—'

நிறுத்திவிட்டேன். கட்டுரைக்கு அக்கா தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டாள்.

3

அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். மயிரிழை பிசகினாலும் லென்ஸ் சட்டத்தில் உட்காராது. ஊசியில் மருந்து ஏற்றும்போதும் அதே கை, அதே கண்: வெளிச்சத்தில் பிடித்து, கோட்டைப் பார்த்து, குமிழியைச் சுண்டிவிட்டு. சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். அவளும் கூட்டிக்கொண்டே போனாள். கட்டிக்குள் தேங்கியது போக மிச்சம்தான் தம்பிக்குக் கிடைக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.

தம்பியை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினேன். (முதலில் தையல்காரன் என்றுதான் எழுதியிருந்தேன். தையல்காரனுக்கு மயக்கம் வந்தால் தலை மெஷின்மேல் சாயும். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று கம்பிவடத்துக்கு கிரீஸ் தடவுகிறவனுக்கு வந்தால்? கதை எழுதுகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள்.*)

* இதற்காக இப்போது வருந்துகிறேன். தையல்காரனாகவே விட்டிருக்கலாம்.

4

மறுநாள் காலை. தம்பி கட்டிலில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி கண்ணை இறுக மூடியிருக்கிறான். தட்டில் சாப்பாடு தயாராக இருக்கிறது.

"புது இடமா?"

"ஆமாடா, இந்தப் பக்கம். நர்ஸம்மா சொன்னாங்கல்ல."

"வலிக்குமே."

"நாப்பது வயசாச்சு, இன்னும் வலிக்குமேங்கறான் பாரு. ஆடாம இரு, அக்கா மெதுவா போடறேன்."

"சீக்கிரம்க்கா. இன்னிக்கு மேல் மாடியில வேலை."

அவள் வழக்கமான அளவையே ஏற்றுகிறாள், மயிரிழை பிசகாமல்.

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது: கட்டியில் போட்டுப் பழகிய அளவை நல்ல இடத்தில் அப்படியே போட்டால் முழுதும் உள்ளே போய்விடும். சர்க்கரை மளமளவென்று இறங்கி ஆளையே சாய்த்துவிடும். இடத்தை மாற்றும்போது டாக்டரைக் கேட்டு அளவையும் குறைக்க வேண்டும். அந்த இரண்டாவது பாதி அன்று என் காதில் விழவில்லை. கதவுக்கு அப்பால் போனதும் நர்ஸ் சொல்லியிருக்கலாம். மறந்தும் போயிருக்கலாம்.

ஒரு முடிவு எழுதினேன். கூண்டின் கூரைமேல் அவனுக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, ஸ்பேனர் நழுவி எங்கோ ஆழத்தில் விழும் சத்தம் கேட்கிறது, அதன் பிறகு—

அடித்துவிட்டேன். கூட வேலை செய்பவன் பையிலிருந்து மிட்டாயை எடுத்து அவன் வாயில் திணிப்பதாக மாற்றினேன். அதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்த மிட்டாய் நான் வைத்தது.

அவன் போய்விட்டால் அவளிடம் யார் போய்ச் சொல்வது, உன் கையால்தான் என்று? தம்பிக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்ததைத் தவிர அவள் வேறென்ன செய்தாள்?

6

ஆகவே முடிக்கப்போவதில்லை. ஊசிமுனை தோலைத் தொடாமல் நிற்கிறது. தம்பி கண்ணைத் திறக்காமலே கேட்கிறான்.

"போட்டுட்டியாக்கா?"

"இன்னும் இல்லடா."

இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அவள் போட்டுவிடுவாள். இவளை நான் இப்படியே நிறுத்தி வைத்துக்கொள்வேன். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவளை என்ன செய்வது? முகம் தெரியாது, வீடு தெரியாது. தம்பியைப் பற்றிப் பேசினால் குரலில் பெருமை வந்துவிடும். எனக்குத் தெரிந்த அடையாளம் அது ஒன்றுதான். எங்காவது அவளைப் பார்த்தால் நீங்கள் சொல்லுங்கள், அளவைக் குறைக்கணுமாம், டாக்டரைக் கேட்கணுமாம் என்று. அவள் தனியாக வந்தால் மட்டும் எதுவும் சொல்லாதீர்கள். நர்ஸ் 'நாளையிலருந்து' என்று சொல்லி ஒரு மாதமாகிறது.