போகாத நாலு மெயில்

ஊரில் இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் என் சொல்லுக்கு அடங்கும். என் வீட்டுக்காரர் மட்டும் அடங்கமாட்டார். ஆபீஸில் நாள் முழுக்க, "மேடம், மெயில் போகல" என்று கூப்பிடுகிறவர்களுக்கு வழி சொல்லியே எனக்குத் தொண்டை வற்றுகிறது. இவரோ ஒரு வாரமாக அதே வியாதியில் திண்டாடியிருக்கிறார், என்னிடம் மூச்சு விடவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மேஜையை ஓங்கித் தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது.

"என்னங்க, அதை ஏன் அடிக்கிறீங்க? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"அக்காவுக்கு மெயில் போகமாட்டேங்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா இல்லாத இவரைத் தூக்கி வளர்த்தவர் என் நாத்தனார். கணவர் போனபின் வருஷக்கணக்காகத் தனியாகவே இருந்துவிட்டு, இப்போது, ஐம்பத்தெட்டு வயதில், கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். நாளைக் காலை பதிவு. இந்த மகராசன் போனில் குதித்த குதியில் அக்கா தம்பி பேச்சே நின்றுபோயிருந்தது.

"போன் பண்ணித் தொலைங்களேன்!"

"பேசினா மறுபடி சண்டையாயிடும்."

திரையைப் பார்த்தேன். 'செயல் முழுமையடையவில்லை. பிறகு முயலவும்.' எந்தச் செயல்? ஏன் முழுமையடையவில்லை? பிறகு என்றால் எப்போது? இப்படி எழுதி வைக்கிறவனை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும்.

என் முகவரிக்குச் சும்மா ஒரு மெயில் அனுப்பினேன். திரையில் அதே புலம்பல். ஆனால் சமையலறையில் என் போன் 'டிங்' என்றது. போய்ப் பார்த்தால், மெயில் வந்து ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

செட்டிங்ஸைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். பாஸ்வேர்டை மாற்றிய மனுஷன், அனுப்புகிற பக்கத்தில் புதியதைப் போட்டுவிட்டு, வாங்குகிற பக்கத்தில் பழையதையே விட்டிருந்தார். மெயில் ஒழுங்காகப் போயிருக்கிறது. அதன் நகலைச் சேமிக்கத்தான் முடியவில்லை. பதில் வந்திருந்தாலும் இறங்கியிருக்காது.

"நீங்க அனுப்பினது எல்லாமே போயிருக்குங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எல்லாமேவா? ஐயோ! போகலைன்னுதானே ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி எழுதினேன்!"

"எத்தனை எழுதினீங்க?"

"நாலு. முதல்ல எழுதினதுல... இந்த வயசுல வெக்கமா இல்லையான்னு கேட்டிருந்தேன்." தலையைக் குனிந்துகொண்டார். "அப்புறம் மனசு கேக்கல. கடைசியா, நான் வரலாமாக்கான்னு எழுதி, நேத்துலேர்ந்து அதையேதான் திரும்பத் திரும்ப அனுப்பிட்டிருக்கேன்."

திட்ட வந்த வாய் தானாக மூடிக்கொண்டது. அத்தனை பாவமாக இருந்தார். புதிய பாஸ்வேர்டைப் போட்டேன். ஒரு வார மெயில்கள் மளமளவென்று இறங்கின. எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் பதில்.

"நீயே படி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

படித்தேன்.

"டேய் தம்பி, முதல் மெயிலைப் பாத்துட்டு ரொம்ப அழுதேன். ரெண்டாவது வந்தப்ப, சரி, கோபம் இறங்குதுன்னு தெரிஞ்சுது. குறுக்கே பேசினா மறுபடி ஏறும், எழுதி முடிக்கட்டும்னு சும்மா இருந்தேன். அதுக்குன்னு வரலாமா, வரலாமான்னு ஏழு தடவையா கேப்ப? சாட்சிக் கையெழுத்துக்கு உன் பேரைத்தான் கொடுத்திருக்கேன். முதல் மெயில் வந்த அன்னைக்கே கொடுத்துட்டேன்."

அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பினார். உள்ளே போய், அவருடைய நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தேன்.