காகிதப் பைக்குள் ஓர் ஏரி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. நடுவில் நான் குரலை உயர்த்தினால் பயந்துவிடாதீர்கள். போன சனிக்கிழமை, அமெரிக்காவில் எங்கள் க்யூகா ஏரிக்கரையில், ஓர் ஒயின் பண்ணையில் கோப்பையும் கையுமாக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்றவர் ஒரு வாய் உறிஞ்சினார், வாளியில் துப்பினார்*, சொன்னார்: "உள்ளூர் ஒயினுக்கு இது பரவாயில்ல."

ஊற்றிக் கொடுத்த பெண் அவருக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

(* துப்புவது தவறில்லை. ஒரே நாளில் பண்ணை பண்ணையாக ஏறி இறங்குகிறவர் துப்பத்தான் வேண்டும். துப்பிய கையோடு தீர்ப்பும் எழுதுகிறாரே, அதுதான் எனக்கு ஆகவில்லை.)

2

முதல் தொடக்கம்: "ஏரியின் மேல் மூடுபனி மெல்ல..."

வேண்டாம். ஒயின் கதை என்றால் எல்லோருக்கும் மூடுபனி வந்துவிடுகிறது.

இரண்டாவது: "மார்னி டெக்கர் பிப்ரவரிப் பனியில் முழங்கால் புதைய நின்று கொடி கவாத்து செய்கிறவள்."

இது இருக்கட்டும். அவள் கொடி காட்டாபா. ஐரோப்பாக் கொடிகள் விறைத்துச் சாகும் குளிரிலும் பிழைத்துக்கொள்ளும் இந்த நாட்டுச் சிவப்புத் திராட்சை. அதன் மணத்துக்கு நிபுணர்கள் வைத்த பெயர் நரிவாடை. (எந்த நரியைப் பிடித்து முகர்ந்தார்கள்?)

பண்ணை அவளுக்கும் அண்ணன் ராய்ஸுக்கும் பொது. ஆண்டுதோறும் இந்த வட்டாரத்து ஒயின்களுக்குத் தரம் போட்டு எழுதுபவர் ஹால்சி. சனிக்கிழமை மனிதருக்கு நான் வைத்த பெயர்தான். காட்டாபாவை இந்த முறையும் அவர் மதிக்காவிட்டால், அறுவடை முடிந்ததும் அது வளரும் சரிவு முழுவதையும் டிராக்டர் விட்டுப் பிடுங்கிவிடலாம் என்றான் ராய்ஸ். மார்னி சரி என்றாள். தன் ஒயின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

3

ராய்ஸைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். பொருந்தவில்லை. மே மாத உறைபனியில் அவனுடைய ரீஸ்லிங் என்ற ஐரோப்பாக் கொடியின் மொட்டெல்லாம் கருகியபோது, வரிசை வரிசையாக வைக்கோல் கொளுத்திப் பார்த்து, முடியாமல் அழுதவன் அவன். பிறகு கலிபோர்னியாவிலிருந்து டேங்கர் லாரியில் திராட்சைச் சாறு வரவழைத்து ஒயின் போட்டான். வெளியூர்ச் சாறு என்பதால் லேபிளில் ஏரியின் பெயரைப் போடச் சட்டம் விடாது. "அமெரிக்கா" என்று பொடி எழுத்தில் அடித்தான்.

கெட்டவன் இல்லை, பயந்தவன். கதை எழுதுகிறவளுக்கு அதுதான் கஷ்டம்.

4

ஹால்சி வந்துவிட்டார். எது எந்த ஒயின் என்று தெரியாமல் ருசிக்க வேண்டும் என்பதற்காக பாட்டில்களுக்குக் காகிதப் பை மாட்டியிருந்தது.

"மூஞ்சியப் பாக்காமக் குடிச்சாத்தான் நெசம் வெளிய வரும், இல்லையா சார்?" என்றான் ராய்ஸ். சிரித்தது அவன் மட்டும்தான்.

ஹால்சி முதல் கோப்பையைச் சுழற்றினார். மூக்கை விட்டார். ஒரு வாய். வாளி.

"நரி வந்திருச்சு! காட்டாபாதானே? பையப் போட்டு மூடிட்டா தெரியாமப் போயிடுமா? உள்ளூர் ஒயினுக்கு இது பரவாயில்லம்மா."

"முழுங்கிப் பாருங்க சார்," என்றாள் மார்னி. "அது தொண்டையில எறங்கினப்புறம்தான் பேசும்."

"பேசுற வரைக்கும் நான் காத்திருக்கணுமாக்கும்!"

அடுத்த கோப்பை. இந்த முறை அவர் கண் மூடியது. விழுங்கினார்.

"இதோ! இதும்மா உங்க ஏரி! அடியில கெடக்கற கல்லு வாசம், தண்ணி மேல வர்ற காத்து... இந்த மண்ண விட்டா வேற எங்கயும் இது வராது."

ராய்ஸ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா," என்றாள் மார்னி. "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"வேணாம் மார்னி. கிறுக்குத்தனம் பண்ணாத. நாம பொழைக்கணும்."

"என்ன, குடும்ப ரகசியமா?" என்றார் ஹால்சி.

மார்னியின் கை இரண்டாவது பாட்டிலின் பையைப் பிடித்தது.

5

ஒரு முடிவு: அவள் பையைக் கிழிக்கிறாள். ஹால்சி பொடி எழுத்தைப் படிக்கிறார். அவர் முகம்...

(இங்கே நிறுத்திவிட்டேன். முகம் செத்துப்போனது என்று எழுத ஆசைதான். ஆனால் இப்படிப்பட்டவர்களிடம் இன்னொரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கும். மறுநாள் ஏரிச்சாலை முழுக்க ராய்ஸை ஏமாற்றுக்காரன் என்று பேசும். கலிபோர்னியாவைக் குடித்துவிட்டு ஏரி என்ற அந்த நாக்கைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?)

இன்னொன்று: அவள் கையை எடுத்துவிடுகிறாள். லாரியில் வந்த சாற்றுக்கு முதல் தரம். அக்டோபரில் டிராக்டர் சரிவில் ஏறும்போது மார்னி சமையலறைச் சன்னலை...

இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். என் கதையில் அந்தக் கொடிகளைப் பிடுங்க நான் விடமாட்டேன்.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை, கண்ணுகளா. அவள் கை இன்னும் பையின் மேல்தான் இருக்கிறது. ஹால்சி துப்பியது போக மீதிக் காட்டாபா கோப்பையில் இருக்கிறது. எடுங்கள். ஊர்ப்பெயரை மறந்துவிட்டுக் குடியுங்கள். துப்பாமல் விழுங்குங்கள். அது தொண்டையில் இறங்கிப் பேசும்வரை பொறுங்கள். பிறகு நாக்கில் நிற்பது என்னவென்று அவளிடமே சொல்லுங்கள். அந்தப் "பரவாயில்லை" மட்டும் வேண்டாம்.

கிழிக்கட்டுமா என்று கேட்கிறாள். ஹால்சியை அல்ல, உங்களைப் பார்த்து.