மோர் கொடுத்தவன்

தியேட்டர் வாசலிலேயே பிரிட்டோ முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். சடையனார் ஐயாவின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் தினமும் அவனிடம் டிக்கெட் வாங்குகிறவர்கள். கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் ஓடுகிற டவுன் பஸ்ஸில் அவன் கண்டக்டர். ஒளித்து வைக்க முடிகிற மூஞ்சியா அது?

ஐயா கரும்பு விவசாயிகளின் தலைவர். அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகியும், அவரைப் பற்றி யாராவது ஏடாகூடமாகப் பேசினால் இந்தப் பக்கம் கல் பறக்கும். அவர் வாழ்க்கையைப் படம் எடுக்கக் கோமுகி அணைக்கு வந்தவர்கள்தான் பிரிட்டோவைப் பிடித்தார்கள். "கூட்டத்துல ஒருத்தனா நிக்கிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனான். உண்மை வேறு. படத்தில் எதிரிக்கு விலைபோய், ஐயாவுக்கு மோரில் விஷம் வைத்துக் கொடுக்கிற வேலைக்காரன் அவன்தான். அந்தக் காட்சியை வெட்டிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தான், புத்திசாலி!

மாமனார் இன்னாசியிடம் இதை எந்த வாயால் சொல்வது? அவர் வீட்டுச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே ஐயா படம். இரண்டுக்கும் ஒரே விளக்கு. தகப்பன் இல்லாத பிரிட்டோவுக்குப் பெண்ணைக் கொடுத்து, வீட்டோடு வைத்துச் சொந்த மகனாகப் பார்த்துக்கொண்ட மனுஷன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு மகள் ஷீபாவையும் மருமகனையும் மேட்னி ஷோவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா மாப்ள, எந்த சீன்ல வர்ற? சொன்னாத்தான கை தட்டலாம்."

"கூட்டத்துல எங்கியோ வருவேன் மாமா. கண்ணுல கூடப் படாது."

சும்மா சொல்லக்கூடாது, ஐயாவாக நடித்தவர் ஐயாவாகவே ஆகியிருந்தார். அவர் மேடையேறும்போதெல்லாம் விசில் பறந்தது. இன்னாசி கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிரிட்டோ மட்டும், அந்தோணியாரே, கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போகவில்லை. வேண்டாத நேரத்தில் மட்டும் போகும், சனியன்.

அந்தக் காட்சி வந்தது. "வில்லத்தனமெல்லாம் வேணாம். உங்க வீட்டுப் பெரியவருக்கு எப்பிடிக் குடுப்பீங்களோ அப்பிடிக் குடுங்க, போதும்" என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அவனும் அப்படியே கொடுத்திருந்தான். வயலிலிருந்து வரும் இன்னாசிக்கு தினமும் கொடுப்பதுபோல, டம்ளரின் அடியைத் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டி, சிரித்துக்கொண்டே சொன்னான்.

"குடிங்கய்யா, வெயிலு ஜாஸ்தி."

ஐயா குடித்தார்.

"அடப்பாவி!" தியேட்டரே எழுந்து நின்றது. திரையில் தெரிந்த அவன் முகத்தின்மேல் செருப்புகள் விழுந்தன. பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது: "டேய், அவன் நம்ம பஸ் கண்டக்டருடா! உள்ளதான் உக்காந்துகினு இருக்கான், வரும்போது பாத்தேன்!"

அங்கங்கே செல்போன் டார்ச்சுகள் எரிந்தன. வெளிச்சம் வரிசை வரிசையாக முகங்களைத் தடவிக்கொண்டு வந்தது. ஷீபா அவன் கையைப் பிடித்தாள். செத்தோம் என்று நினைத்தான் பிரிட்டோ. இத்தனை பேர் சேர்ந்து அடித்தால் ஏன் என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

இன்னாசி திரும்பி அவனைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் தலையில் போர்த்தினார். தன் உடம்பால் அவனை மறைத்துக்கொண்டு, "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

கதவருகே ஒருவன் துண்டைத் தூக்கப் பார்த்தான். "யாருய்யா இது?"

"எம் புள்ளதாங்க. மயக்கமா வருதாம்" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டார் இன்னாசி.

ஷீபாவும் பின்னாலேயே ஓடிவர, ஆட்டோ பிடித்தார்கள். வீட்டுக்குள் வந்து கதவைத் தாழ்போட்ட பிறகுதான் பிரிட்டோவுக்கு மூச்சே வந்தது. எம் புள்ளை என்று சொல்லிவிட்டாரே! மாமனார் நாற்காலியில் சாய்ந்து, வாய் உலர்ந்து, இரைத்துக்கொண்டிருந்தார். பிரிட்டோ ஓடிப்போய்ப் பானையில் தண்ணீர் மொண்டான். டம்ளரின் அடியைத் துடைத்து, இரண்டு கையாலும் சிரித்துக்கொண்டே நீட்டினான்.

"குடிங்க மாமா, வெயிலு ஜாஸ்தி."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. இன்னாசியின் கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அவர் டம்ளரைப் பார்த்தார், அவன் சிரிப்பைப் பார்த்தார். அவர் கண்ணில் பயம் இருந்தது.

"நடிப்புன்னு தெரியுது மாப்ள. எனக்குத் தெரியாதா? ஆனா கை வர மாட்டேங்குது."

பிறகு உள்ளே பார்த்து, "ஷீபா, நீ ஒரு டம்ளர் மொண்டாம்மா" என்றார்.

டம்ளரைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றான் பிரிட்டோ. தியேட்டரில்கூட அவனுக்கு இவ்வளவு பயமாக இல்லை.