புஷ்பவல்லி ஊற்றிய மூன்று கிளாஸ்

கிள்ளானில் இராமலிங்கம் அண்ட் சன்ஸ் என்றால் பீர் மொத்த வியாபாரக் கடை. பெயரில்தான் சன்ஸ். தகப்பனார் கண்ணை மூடிய நாளிலிருந்து கடையைத் தாங்கி நிற்பவள் மகள் புஷ்பவல்லிதான். லோரி, டிரைவர், டெலிவரி என்று வெளிவேலை எல்லாம் தம்பி விமலன் பாடு. கல்லாவில் அவள் உட்கார்ந்தால் முதுகு நாற்காலியில் படாது.

அவள் நாக்குக்கு ஒரு பெயர் இருந்தது. மகள் மலர்விழியைப் பெற்றுப் படுத்திருந்தபோது, உடம்பு தேறட்டும் என்று மாமியார் தினம் ஒரு கிளாஸ் கறுப்பு பீர் கொடுத்தாள். மற்ற பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார்கள். இவளோ ஒரு வாய் குடித்துவிட்டு, "இது வெயில்ல கெடந்த சரக்கு, வேற வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாளாம். பின்னால் பிரிக்ஃபீல்ட்ஸ் பார் முதலாளிகள்கூடப் புதுச் சரக்கு எடுக்குமுன் அவளிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். ஒரு வாய் குடிப்பாள். 'எடு' என்பாள், இல்லாவிட்டால் 'வேணாம்' என்பாள். அதற்குமேல் யாரும் வாய் திறந்ததில்லை.

இப்போது மலர்விழிக்கு இருபத்தொன்பது வயது. பங்சாரில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. கிஷன் என்ற செந்தூல் பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வந்து நின்றாள். அவன் லைசென்ஸ் உள்ள சின்ன பீர் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறான். ஸ்டவுட் என்ற சாதாரண கறுப்பு பீரைவிட இரண்டு மடங்கு காட்டமான இம்பீரியல் ஸ்டவுட் ஒன்றை அவனே யோசித்து, காய்ச்சி, மாதக்கணக்கில் ஊறப்போட்டு வைத்திருக்கிறான்.

புஷ்பவல்லி சத்தம் போடவில்லை. "சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வரச் சொல்லு. போட்ட பீரையும் கொண்டாரச் சொல்லு. முதல்ல பீரப் பாக்குறேன், அப்புறம் ஆளப் பாக்குறேன். சரின்னா அடுத்த வெள்ளிக்கிழமை அவங்கம்மா தட்டு எடுத்துட்டு வரட்டும்."

கிஷன் வந்தான். கழுத்தில் பச்சை டேப் ஒட்டிய பாட்டில்களைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

"என்ன பாஸ், குளிப்பாட்டின புள்ளையத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்ற?" என்றான் விமலன்.

"குலுங்கக் கூடாதுங்க அங்கிள். அடில மண்டி இருக்கு, கலங்கிடும்."

புஷ்பவல்லி உட்காரும்வரை அவன் உட்காரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு எழுந்து நின்று பதில் சொன்னான். மலர்விழி அம்மாவின் முகத்தைப் பெருமையாகப் பார்த்தாள்.

"வர்ற வழியில ஜாம் எப்படி?" என்றாள் புஷ்பவல்லி.

"ஃபெடரல் ஹைவேல பயங்கர ஜாம் ஆன்டி."

"சனிக்கிழமை மத்தியானம் ரோடு காலியால்ல இருக்கும்?"

"ஆமாங்க ஆன்டி. காலிதான்."

அவள் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, பாட்டில்களை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

அங்கே ஒரு பாட்டிலைத் திறந்து தனக்கென்று கொஞ்சம் ஊற்றினாள். மைபோலக் கறுப்பு. மேலே பழுப்பு நுரை, கலையாமல் நின்றது. வாயில் வைத்ததும் முதலில் வறுத்த காப்பிக்கொட்டைக் கசப்பு, அதன் பின்னாலேயே கருப்பட்டி, அதற்கும் பின்னால் உலர்ந்த திராட்சையின் புளிப்பு. விழுங்கிய பிறகு நெஞ்சுக்குள் மெல்லச் சூடு பரவியது. இவ்வளவு காட்டம் இருந்தும் எதுவும் எதையும் அமுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று இந்தக் கடைக்கு வந்ததில்லை. அது அவளுக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது.

சூடு மாறினால் ஒரே பீர் வேறு வேறு பீராகத் தெரியும். அவள் ஒரு பாட்டிலை ஐஸ் தண்ணீரில் அமுக்கினாள். திறந்ததை மேஜைமேல் அப்படியே வைத்தாள். இன்னொன்றை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினாள். அவர்கள் கை கழுவும் சத்தம் கேட்டதும் மூன்று கிளாஸ்களில் மூன்றையும் ஊற்றினாள்.

விமலன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, மூணும் அவனோடதுதான?"

"ஆமா."

"அவன்கிட்ட என்ன சொல்லப்போற?"

"ஒண்ணுதான் அவனோடதுன்னு."

"அப்பா இந்தக் கடையில பொய் சொன்னதில்ல."

"அப்பாவுக்கு மாப்பிள்ளை பாக்கத் தெரியல. எனக்குப் பாத்தாரே ஒருத்தர. அவங்கம்மா என்ன ஏசினப்பயும் அந்த மனுஷன் தலையாட்டினாரு, நான் திருப்பிப் பேசினப்பயும் தலையாட்டினாரு. தலையாட்டியே போய்ச் சேந்தாரு. தட்டத் தூக்கு."

மூன்று கிளாஸும் கிஷன் முன்னால் வந்தன.

"ஒண்ணு நீ போட்டது. ஒண்ணு இங்கிலாந்து சரக்கு. இன்னொண்ணு, நேத்து ஒருத்தன் எடுத்துக்கச் சொல்லிக் கெஞ்சிட்டுப் போனது. எது எதுன்னு சொல்லு. நானும் கூடவே குடிக்கிறேன்."

முதல் கிளாஸில் ஒரு வாய் குடித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இரண்டாவதைக் குடித்துப் புருவத்தை உயர்த்தி, தனக்குள் மெச்சுவதுபோல் லேசாகத் தலையசைத்தாள். மூன்றாவதைக் குடித்ததும் உதடு கோணியது. கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தாள்.

கிஷன் கிளாஸ்களைப் பார்க்கவே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் குடித்தான். முதல் கிளாஸில் இருந்தது ஐஸில் கிடந்த பீர். "இது இங்கிலாந்து சரக்கு போல ஆன்டி. வாசனை அடங்கி இருக்கு." இரண்டாவதைக் குடித்து, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "இது என்னோடதுன்னு நெனக்கிறேன்." மூன்றாவது, வெதுவெதுப்பான தண்ணீரில் நின்ற பீர். வாசனை முழுக்க அவிழ்ந்து கிளாஸின் விளிம்பில் நின்றது. அதை வாயில் வைத்ததும் அவன் கண்கள் ஒரு நொடி விரிந்தன. அதைப் புஷ்பவல்லி பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் கைக்குட்டையை வாயில் ஒற்றினாள்.

"இது அந்த இன்னொரு ஆளோடது" என்றான் கிஷன்.

"எப்படி இருக்கு?"

"கருகல் அதிகம். கருப்பட்டிய அள்ளிக் கொட்டிட்டான்."

"கத்துக்குட்டியோ?"

"ஆமாங்க ஆன்டி. கத்துக்குட்டிதான்."

"கடையில வெச்சு விக்கலாமா?"

"வேணாங்க. நம்ம கடைப் பேரு கெட்டுடும்."

நம்ம கடை என்றதும் விமலன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப சாக்கடையில ஊத்திரு" என்றாள் புஷ்பவல்லி.

கிஷன் கிளாஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். கடை முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையின் ஓரத்தில் நின்று, சிமெண்டுக் கால்வாயில் ஊற்றினான். நுரையோடு கறுப்பாக ஓடியது. கிளாஸைக் கழுவி, துடைத்து, அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

"விமலா, அந்தப் பாட்டில்களக் கொண்டா."

மேஜைமேல் மூன்று காலிப் பாட்டில்கள் வந்து நின்றன. மூன்றின் கழுத்திலும் கிஷன் ஒட்டிய பச்சை டேப் இருந்தது.

கிஷனின் காதுமடல் சிவந்தது. மலர்விழி பாட்டில்களையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியலயா?" என்றாள் அவனிடம்.

"தெரிஞ்சுது. மூணாவது வாயில வெச்சதுமே தெரிஞ்சுது." தரையைப் பார்த்துப் பேசினான். "ஆன்டி முகம் வேற மாதிரி இருந்துச்சு. அவங்களுக்குப் புடிக்காதத என்னோடதுன்னு எப்படி லா சொல்றது?"

"உன் நாக்கு உன் வாயில இருக்கா, என் முகத்துல இருக்கா?" என்றாள் புஷ்பவல்லி. குரல் உயரவில்லை. "மாசக்கணக்கா காத்துக் கெடந்து போட்டது. நான் உதட்டச் சுளிச்சதும் கத்துக்குட்டின்ன. ஊத்துன்னேன், ஊத்தின. நாளைக்கு உங்கம்மா என் பொண்ணப் பாத்து முகத்தச் சுளிச்சா, இவ யாரோன்னு சொல்லிருவ."

"அப்படி இல்லங்க ஆன்டி. பெரியவங்கன்னு ஒரு மரியாத..."

"மரியாதைய நான் கொறை சொல்லல. போயிட்டு வா."

மலர்விழி அவனோடு எழுந்திருக்கவில்லை. ஏதாவது சொல்லுவான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருக்கலாம். நல்ல பீரை வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றினீர்களே என்று கேட்டிருக்கலாம். அவன் துண்டை மடித்தான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

"ஆன்டி, ஒண்ணே ஒண்ணு கேக்கவா? நெசமாவே பீரு எப்படி இருந்துச்சு?"

புஷ்பவல்லிக்கு அந்த ருசி இன்னும் அடிநாக்கில் இருந்தது. அவனை நேராகப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள்.

கிஷன் தலையாட்டினான். "சரிங்க ஆன்டி. எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தான் தோணிட்டே இருந்துச்சு."

அவன் கார் கிளம்பிய பிறகு மலர்விழி இரண்டாவது கிளாஸை எடுத்தாள். அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று குடித்தாள்.

"நல்லா இருக்கும்மா."

"நல்லா இருக்கா? இதுக்கு மேல ஒண்ணு நான் குடிச்சதில்ல."

"அப்ப ஏன் வேணாம்ன?"

"நம்புறானான்னு பாத்தேன்."

"கூப்பிட்டு உண்மையச் சொல்லு."

"சொன்னா அதுக்கும் தலையாட்டுவான். நீ சொன்னாலும் ஆட்டுவான். வேணும்னா சொல்லிப் பாரு."

மேஜைமேல் மலர்விழியின் போன் அடித்தது. கிஷன் பெயர். அவள் அதைக் கையில் எடுத்தாள். அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்துவிட்டு, கவிழ்த்து வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் பேசிய குரல் புஷ்பவல்லியின் குரல்போலவே இருந்தது.

"வெள்ளிக்கிழமை வர வேணாம்னு அவங்கம்மாகிட்ட நீயே சொல்லிரு. இப்பவே சொல்லு. நானும் கேக்கணும்."

புஷ்பவல்லி தன் போனில் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். கிஷனின் தாயார் தாமரை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க சம்பந்தி. இப்பத்தான் பூக்கடையில மாலைக்குச் சொல்லிட்டு வாரேன்."

"வெள்ளிக்கிழமை வர வேணாங்க. சரிப்பட்டு வராது."

அந்தப் பக்கம் தாளிக்கும் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"பையன் ஏதாச்சும் மரியாதக் கொறவா நடந்துகிட்டானா? பெரியவங்க முன்னாடி எதுத்து ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னு அடிச்சு வளத்தேங்களே."

"மரியாதையில ஒரு கொறையும் இல்லங்க."

"பின்ன என்னங்க?"

"பீரு சரியில்ல."

தாமரை கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. நானும் ஒரு வாய் குடிச்சேன், எனக்குக்கூடப் புடிச்சிருந்துச்சு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

மலர்விழி கையை நீட்டிப் போனைத் துண்டித்தாள்.